ஓடாத வண்டியில் வேன் அக்கா போன தூரம்

ஜொகூர் மாநிலத்திலேயே, நின்ற இடத்தில் நின்றபடி ஆக அதிக தூரம் பயணம் போனவர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் வேன் அக்காவின் பெயரைச் சொல்லிவிடுவேன். என்ன பெயர் என்பதுதான் சிக்கல். ஆறு வருடம் எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்தும் அவருடைய பெயர் எனக்குத் தெரியாமலே போயிற்று. தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். மற்ற எல்லாருக்கும் அவர் வேன் அக்கா.

ஜொகூர் பாருவின் ஓரத்தில், வரிசை வீடுகள் எதிரும் புதிருமாக நிற்கும் ஒரு தாமானில் நாங்கள் குடியிருந்தோம். அங்கிருந்து இருபத்து மூன்று வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர் அவர். வீட்டுக்கு ஒரு ஹார்ன் வைத்திருந்தார். முதல் வீட்டுக்கு ஒரு நீளம், மூலை வீட்டுக்கு இரண்டு குட்டை, எழுப்பினாலும் எழாத இரட்டையர்கள் இருந்த வீட்டுக்கு மட்டும் ஒரு முழு நிமிடம். வேனுக்குள் யார் எங்கே உட்காருவது என்பதை அவரவர் வயிறு தீர்மானிக்கும். நாசி லெமாக் தேங்காய்ச் சோறு சாப்பிட்டு வந்தவன் ஜன்னலோரம், பால் மட்டும் குடித்தவன் நடுவில். இத்தனை வருடத்தில் தன் வேனுக்குள் ஒரு பிள்ளைகூட வாந்தி எடுத்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். ஜன்னலுக்கு வெளியே எடுத்தவை அதில் சேராது.

பெரியவர்களையும் அவர் அந்த வேனில் ஏறப்போகிறவர்களாகவே நடத்தினார். நான் அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்தேன். விடியும் முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடக்க வேண்டும். வேனைத் துடைத்துக்கொண்டிருக்கும் அக்கா என்னை வாசல் கேட் அருகே நிறுத்துவார்.

"தம்பி, பசியாறியாச்சா? தண்ணி போத்தல் எடுத்தியா? மேல் பட்டன் போடல பாரு."

எனக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. பட்டனைப் போட்டுக்கொண்டுதான் போவேன்.

அப்படிப்பட்டவர் ஒரு நீண்ட பள்ளி விடுமுறையில் வேனை, பிள்ளைகளின் பட்டியலோடு சேர்த்து, பக்கத்துத் தாமானில் இருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், "போதும்லா," என்றார். தாமானே குழம்பிப் போயிற்று. அடுத்த வாரம் பள்ளி திறந்தபோது ஹார்ன் சத்தம் மாறிவிட்டதால் இரட்டையர்கள் இரண்டு நாள் பள்ளிக்கூடமே போகவில்லை.

மூன்றாவது வாரம் ஓர் இழுவை வண்டி வந்து அவர் வீட்டு வாசலில் அந்தப் பிக்கப்பை இறக்கிவிட்டுப் போனது. முன்னால் இரண்டு பேர் உட்காரும் உருண்டையான கூண்டு. பின்னால் கூரையும் இல்லாமல் பக்கச் சுவரும் இல்லாமல், வெறும் பலகைத் தளம். பலகை என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். தளத்தின் நடுவே ஓட்டை விழுந்து, அதன் வழியாக ஒரு கொடி ஏறி, ஸ்டேரிங்கைச் சுற்றிப் பூத்திருந்தது. லாபிஸில் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில், ஒரு மளிகைக் கடையின் பின்கட்டில் அது பல வருடமாகக் கிடந்ததாம். சீட்டுக்கு அடியில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததால், குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்து எடுத்து வந்தாராம்.

அக்காவின் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவருக்குப் பட்டப்பெயர் கிடையாது. பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு அவர் எதுவும் செய்ததில்லை. ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வந்த பிறகும் தரம் பார்ப்பதை விடவில்லை. சட்டைத் தையலை, தோசையின் வட்டத்தை, கோயில் சுவரின் நேர்க்கோட்டை எல்லாம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். தன் சின்னக் காரைத் தினமும் காலையில் துடைத்து, வாசல் கூரையின் கீழே நிறுத்தி வைத்திருந்தார். இப்போது அந்த இடத்தில் பிக்கப் நின்றது. கார் தெருவுக்குப் போய், மைனாக்கள் குடியிருந்த மரத்தடியில் நின்றது.

"இது என்ன?" என்று கேட்டார் அவர். நான் என் வாசலில் மோட்டாரைத் துடைப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பிக்கப்."

"எஞ்சின் எங்க?"

"அது நாளைக்கு வருது." மறுநாள் வந்தது, நான்கு பழக்கூடைகளில்.

"எதுக்கும்மா இது?"

"இருபத்து மூணு வருஷம் என் முதுகுக்குப் பின்னால பதினாலு பேரு கத்தினாங்க. பின்னால சீட்டே இல்லாத வண்டி ஒண்ணு வேணும்னு ஆசைங்க."

அவர் தெருவில் நின்ற தன் காரைப் பார்த்தார். அதன் கூரையில் மைனாக்கள் அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தன. அன்றிலிருந்து அவர் அக்காவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது சுலபமில்லை. சாப்பாடு, சாவி, கோயில் திருவிழா என்று சொல்ல வேண்டியவை இருக்கின்றன. அதனால் அவர் பிக்கப்பிடம் பேசத் தொடங்கினார். அக்கா வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். இவர் முன்விளக்குக்கு எதிரே வந்து நின்று, மரியாதையாகச் சொல்வார்.

"இந்தா பிக்கப், அந்தம்மாகிட்ட சொல்லு. சோறு ஆறுது."

அடியிலிருந்து பதில் வரும். "வரேன்னு சொல்லு."

சொல்ல வேண்டிய பிக்கப் இரண்டு பேருக்கும் நடுவில் மௌனமாக நிற்கும். எட்டு மாதம் இப்படியே நடந்தது. அந்த எட்டு மாதத்தில் அவர்கள் சண்டை போட்டு நான் பார்க்கவில்லை. இவ்வளவு பொறுமையான ஓர் ஆள் நடுவில் இருந்தால் யார்தான் சண்டை போடுவார்கள்.

எஞ்சினைச் சேர்க்க வந்தவர் ஆ சாய். எழுபது தாண்டிய சீனர், பழைய மெக்கானிக். லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களில் லோரி ரிப்பேர் செய்து வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். அந்தத் தமிழில் 'நீங்க' மட்டும் கிடையாது. அக்காவைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். அந்தக் கணக்கில் வீட்டுக்காரர் மச்சான் ஆனார். மச்சான் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு அவருக்கும் காப்பி கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆ சாயின் பிள்ளைகள் அவர் இனிமேல் ஸ்பானரைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காவில் உடற்பயிற்சி என்று சொல்லிவிட்டு வருவார். வெள்ளைப் பனியனில் கறுப்பு எண்ணெயோடு திரும்பிப் போவார்.

"வீட்ல கேக்கலையா?" என்றேன்.

"கேட்டான். கீழ விழுந்துட்டேன்னு சொன்னேன்."

"வாராவாரமா?"

"அந்தப் பூங்கா சரியில்ல தம்பி. ரொம்ப வழுக்குது."

கழற்றிய திருகாணிகளை அக்கா மண்ணெண்ணெயில் கழுவி, அளவு வாரியாகப் பிரித்து, இட்லித் தட்டுக் குழிகளில் வைத்தார். நான்கு தட்டு, பதினாறு குழி. மூடியைப் போட்டுவிட்டால் ஒன்றுகூடத் தொலையாது என்பார். அந்த வீட்டில் அதன்பிறகு இட்லி வேகவில்லை.

"இந்தா பிக்கப், இட்லி எப்பக் கிடைக்கும்னு அந்தம்மாகிட்ட கேளு."

"கியர்பாக்ஸ் ஏறினதும்னு சொல்லு."

இந்தக் கூத்தெல்லாம் பகலில். சாயங்காலம் வேறு.

ஆறரை மணி வாக்கில் நான் வேலை முடிந்து பாலத்தின் புகையெல்லாம் சட்டையில் ஏறி வந்து சேருவேன். அக்கா குளித்து, தலைமுடியைக் கொண்டை போட்டு, பிக்கப்பின் இடது பக்க சீட்டில் உட்கார்ந்திருப்பார். எஞ்சின் இல்லை, கதவுகள் இல்லை, கண்ணாடியும் இன்னும் வரவில்லை. ஆனாலும் எங்கோ போய்க்கொண்டிருக்கும் முகம்.

"தம்பி, கொஞ்சம் ஸ்டேரிங் புடிச்சிட்டுப் போயேன்."

நான் ஏறி, வலது பக்கம் உட்கார்ந்து, அந்தப் பெரிய சக்கரத்தைப் பிடிப்பேன். அக்கா கண்ணை மூடிக்கொள்வார்.

"எங்க இருக்கோம் அக்கா?"

"சிம்பாங் ரெங்கம் தாண்டியாச்சு. மெதுவாப் போ. முன்னால ஒரு அன்னாசி லோரி போகுது, வாசம் வருது பாரு."

எனக்கும் வரும். பக்கத்து வீட்டு மசாலா வாசனைதான் என்று புத்திக்குத் தெரியும். ஆனால் அவர் சொல்லும்போது அது அன்னாசிதான். ஆயர் ஹீத்தாமில் சாலையோரம் அடுக்கிய மண் ஜாடிகளின்மேல் வெயில் சாயும். யோங் பெங் தாண்டினால் செம்பனை மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்து, சாலை ஒரு பச்சைக் குழாய் ஆகிவிடும். லாபிஸுக்கு முன்னால் ஒரு வளைவில் மழை எப்போதும் சாலையின் பாதியில் மட்டும் பெய்யும். மறுபாதி காய்ந்து கிடக்கும். அந்த வளைவில் அக்கா தன் கையை வெளியே நீட்டுவார். கதவு இல்லாததால் அது சுலபமாக இருந்தது. ஒருநாள் அவருடைய உள்ளங்கை ஈரமாக இருந்ததை நான் பார்த்தேன். குளித்த ஈரமாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

பெக்கோக் அருவிக்குப் போகும் சாலையில் திரும்பும்போது இருட்டிவிடும். கொசு கடிக்கும். நாங்கள் இறங்கிவிடுவோம்.

ஸ்டேரிங்கை யார் கிடைத்தாலும் பிடிக்கச் சொல்வார். ஆ சாய் பிடித்திருக்கிறார், மூலை வீட்டு டீச்சர் பிடித்திருக்கிறார். அக்கா மட்டும் இடது பக்கம்தான். ஒருமுறை கேட்டேன், "நீங்க ஏன் அக்கா இந்தப் பக்கம் உக்கார மாட்டேங்கறீங்க?"

"இங்கதான் காத்து வருது."

கதவில்லாத வண்டி. இரண்டு பக்கமும் காற்று வந்தது.

ஏழாவது மாதம் எஞ்சின் ஏறியது. இட்லித் தட்டுகள் விடுதலை ஆயின. முதல் இட்லியை வீட்டுக்காரர் மோந்து பார்த்தார். மண்ணெண்ணெய் வாடை கொஞ்சம் இருந்தது. பிக்கப்பிடம் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார். ஆ சாய் சாவியைத் திருப்பினார். மூன்று முறை இருமி, நீல நிறத்தில் ஒரு மேகத்தை விட்டு, எஞ்சின் ஓடத் தொடங்கியது. தாமானே கைதட்டியது. ஆ சாய் இறங்கி, சாவியை அக்காவிடம் நீட்டினார்.

"ஓட்டு தங்கச்சி."

"இன்னிக்கு வேணாம் அண்ணே. ராகு காலம்."

அடுத்த ஞாயிறு பிரேக் சரியில்லை என்றார். அதற்கடுத்த ஞாயிறு மழை வரும் போலிருக்கிறது என்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆ சாய் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"என் கையில நம்பிக்கை இல்லன்னா நேரா சொல்லு தங்கச்சி. நான் போய் நெஜமாவே உடற்பயிற்சி செய்றேன்."

"அப்படி இல்ல அண்ணே. பெயிண்ட் அடிச்சிட்டு ஓட்டுவோம்," என்றார் அக்கா. குரல் தாழ்ந்து போயிருந்தது.

பெயிண்ட் கடையில் அவர் கேட்ட நிறத்தைக் கேட்டுக் கடைக்காரர் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னாராம். "மழை வர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னால வானம் இருக்குமே, அந்தக் கலர்." கடைசியில் சாம்பலும் நீலமும் கலந்த ஒன்றோடு வந்தார். தூரிகையால் தானே அடித்தார். கூண்டு முடிந்து, பின்பக்கத் தடுப்புப் பலகைக்கு வந்தார். புதிதாகப் பொருத்திய நல்ல செங்கால் மரப் பலகை. அடியில் சிவப்புப் பூச்சு அடித்திருந்தது. அன்று நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆ சாய் கைகழுவிக்கொண்டிருந்தார். அக்கா கடைசி இழுப்பு இழுத்து, இரண்டடி பின்னால் வந்து நின்று, "முடிஞ்சிச்சு," என்றார்.

வீட்டுக்காரர் பத்திரிகையோடு வெளியே வந்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இந்தா பிக்கப், அந்தம்மாகிட்ட கேளு. இடது பக்கம் ஏன் ஒரு ஜாண் விட்டு வச்சிருக்காங்கன்னு."

மேலிருந்து கீழ்வரை ஒரு ஜாண் அகலத்துக்குச் சிவப்பு அப்படியே நின்றது. நான் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், அடுத்து அதை அடிக்கப்போகிறார் என்று நினைத்ததுதான்.

"எங்க விட்டேன்? முழுசா அடிச்சாச்சு," என்றார் அக்கா. பலகைக்கு நேர் எதிரே நின்று, நேராகப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

வீட்டுக்காரர் இப்போது பலகையைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தார். பத்திரிகையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு அருகே வந்தார். அக்காவின் இடது காதுக்குப் பக்கத்தில் தன் கையைத் தூக்கி, இரண்டு விரலைக் காட்டினார். அக்கா திரும்பவில்லை. அவர் கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்தார். மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் அக்கா திடுக்கிட்டார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

பிக்கப்பிடம் கேட்கவில்லை.

அக்கா தூரிகையைத் தாழ்த்தினார். பிறகு மெதுவாகத் தலையை இடது பக்கம் திருப்பினார். சிவப்பு தெரிந்தது. அப்படியே கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

விடுமுறைக்கு முந்தின வாரம், வேனில் பிள்ளைகளோடு வரும்போது, ஒரு சந்திப்பில் இடது பக்கமிருந்து ஒரு மோட்டார் வந்திருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மோட்டார்க்காரன் திட்டிவிட்டுப் போய்விட்டான். "அது எங்கேருந்து வந்துச்சின்னே எனக்குத் தெரியலங்க. பதினாலு பேரு உள்ள இருந்தாங்க." மறுநாளே கண் டாக்டரிடம் போயிருக்கிறார். கண்ணுக்குள் அழுத்தமாம். ஓரம் ஓரமாக மறைந்துகொண்டு வருகிறதாம். போனது வராது, மீதியை மருந்து விட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம், வண்டி மட்டும் ஓட்டக் கூடாது என்றிருக்கிறார் டாக்டர். அன்று சாயங்காலமே வேனைக் கொடுத்துவிட ஏற்பாடு செய்துவிட்டார்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க என்னை ரோடு தாண்டக்கூட விடமாட்டீங்க."

அது உண்மை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"ஓட்டக் கூடாதுன்னு தெரிஞ்சும் எதுக்கு இதை வாங்கின?"

"ஓட்டத்தான் கூடாதுன்னாரு. போகக் கூடாதுன்னு சொல்லலியே."

ஆ சாய் கழுவின கையை மறுபடியும் கழுவப் போய்விட்டார். வீட்டுக்காரர் அக்காவின் கையிலிருந்து தூரிகையை வாங்கி, என் கையிலிருந்த டப்பாவில் தோய்த்து, அந்த ஒரு ஜாணை அடிக்கத் தொடங்கினார். எட்டு மாதத்தில் அவர் அந்த வண்டியைத் தொட்டது அதுதான் முதல் தடவை. முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. தரம் பார்த்தவர் அல்லவா. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அடிப்பதை முழுதும் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடித்ததும், "யாரு ஓட்டறது?" என்றார் அவர்.

"நீங்கதான்."

"நான் ஆட்டோ கியர் ஓட்டறவன்மா."

"லைசன்ஸ் எடுத்தப்போ கியர் வண்டிதானே ஓட்டினீங்க?"

"அது நாப்பது வருஷம் முன்னால."

"இந்த வண்டி அதுக்கும் முந்தினது. உங்களை ஒண்ணும் சொல்லாது."

அடுத்த இரண்டு மாதம் எங்கள் தாமானுக்குத் திருவிழாதான். ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்குத் திடலைச் சுற்றிப் பாடம். ஜனங்கள் நாற்காலியோடு வந்தார்கள். கியர் மாற்றும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஆ சாய் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். "மச்சான், எனக்குப் பல்லு கூசுது." முதல் நாள் பத்தொன்பது முறை எஞ்சின் நின்றது. ஒருமுறை வண்டி குதித்த குதியில், திடலில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் ஒரு வாரம் அந்தப் பக்கம் வரவில்லை.

பள்ளிப்பிள்ளைகளை அதட்டி அதட்டியே கரகரத்துப் போன அந்தக் குரலை அக்கா ஒருநாள்கூட உயர்த்தவில்லை. இடது சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே சொல்லிக்கொடுப்பார். "இப்ப எஞ்சின் அழுவுது, கியரை இறக்குங்க. இப்ப சிரிக்குது, ஏத்துங்க. கிளச்சை உதறாதீங்க. தூங்கற பிள்ளையைப் படுக்க வைக்கிற மாதிரி விடுங்க." வீட்டுக்காரர் நெற்றி வியர்வையோடு, "அழுவுதா, சிரிக்குதா?" என்று கேட்பார். "யோசிக்குது," என்பார் அக்கா.

காகித வேலைகளையும் வண்டிப் பரிசோதனையையும் ஆ சாய் முடித்துக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பூங்காவில் மிகவும் மோசமாக விழுந்துவிட்டதாக வீட்டில் சொன்னாராம்.

அவர்கள் முதல்முறையாகத் தாமானை விட்டு வெளியே போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கடுத்த மாதம் நான் வேலை மாறி கோலாலம்பூர் வந்துவிட்டேன். ஆனால் அன்று அங்கேதான் இருந்தேன். பின்தளத்தில் ஆட்களை ஏற்றக் கூடாது என்பதால், ஏதாவது நின்றுபோனால் தள்ளுவதற்காக என்னை மோட்டாரில் பின்னால் வரச் சொன்னார்கள். பிக்கப்பின் பின்னால் ஒரு பாயும் இரண்டு தலையணையும் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. எங்காவது மரத்தடியில் நிறுத்தி, மல்லாந்து படுத்து வானம் பார்ப்பதாகத் திட்டம்.

கூலாய் தாண்டிய பழைய சாலை. இராத்திரி மழையில் தார் இன்னும் பளபளத்தது. மணிக்கு முப்பது கிலோமீட்டர். வீட்டுக்காரர் கல்யாண மாப்பிள்ளைபோல விறைப்பாக உட்கார்ந்து ஓட்டினார். அக்காவின் தலை அவர் பக்கமாகத் திரும்பியே இருந்தது. ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார், எனக்குக் கேட்கவில்லை. பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போய்விட்டன. கடைசியில் அந்த நீளமான பாதையில் நாங்கள் மட்டும்தான்.

கொஞ்ச தூரம் போனதும் இடது ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீண்டது. "நீ முன்னால போ தம்பி, நாங்க மெதுவா வரோம்," என்பதுபோல இரண்டு முறை வீசியது.

எதிரே ஒரு வண்டிகூட இல்லை. நான் கியரைக் குறைத்துக்கொண்டு, அவர்களுக்குப் பின்னாலேயே போனேன்.